தலை எண்ணிக்கை

நாகர்கோவிலில் ஏறும்போது முப்பத்திரண்டு பேர்.
தோவாளையில் எண்ணினேன், முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
கழிப்பறைக் கதவைத் தட்டினேன்.
உள்ளேயிருந்து ஒருவர் மலையாளத்தில் திட்டினார்.
அவர் என் கணக்கில் இல்லை.

கரூர்க் கூட்டம் இது.
எல்லோர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி,
தொலைந்தால் கண்டுபிடிக்கக் கம்பெனி கொடுத்தது.
நான் சொல்ல வேண்டியது ஆறு பக்கம்.
கணவாய், பாசஞ்சர் வேகத்தில், பதினொரு நிமிடம்.
இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
தாடகை மலையின் மூக்குக்கு என் வாய் வந்து சேரும்போது
ரயில் காற்றாலைகளுக்குள் போயிருக்கும்.

மூன்று வருடமாக இந்த வேலை.
கணவாயை நான் நேராகப் பார்த்ததில்லை.
கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், விதி.
முதுகுக்குப் பின்னால் மலை வரும்.
எதிரே மூக்குக் கண்ணாடிகளில்
கட்டைவிரல் அளவுக்குப் பச்சை ஓடும்,
வாய்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.
எந்த வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்தே
எந்த வளைவு என்று சொல்லிவிடுவேன்.

இன்றும் திறந்தன.
நான் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறாவது பெயர்:
தெய்வாத்தாள், வயது ஐம்பத்தாறு,
எடைமேடை நடத்துகிறார், சர்க்கரை உண்டு, உடன் வருபவர் இல்லை.

அடுத்த பெட்டியில் பிச்சிப்பூ மூட்டைகள்.
அதற்கடுத்ததில் சீட்டு விளையாட்டு,
துருப்பு இறக்கிய கை அப்படியே நின்றது,
என் இடுப்பு ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தேன்.
"தெய்வாத்தாம்மா, எங்க நிக்கிய?"
அறிவிப்பு என்று நினைத்து ஒருவர்
பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

ஆனி மாதக் காற்று
ரயிலுக்குப் பின்னால் புறப்பட்டு ரயிலை முந்துகிறது.
ஆரல்வாய்மொழி.
பேரில் வாய்மொழி இருக்கிறது,
ஊருக்குள் ஒரு வார்த்தை நிற்காது.
நாங்கள் ஆராம்பொளி என்று
சுருக்கிக்கொண்டதும் அதனால்தானோ என்னவோ.

நான்காவது பெட்டிக் கதவில் நின்றார்.
இரண்டு கம்பியையும் இரண்டு கையால் பிடித்து,
லாரி ஏறும் மேடையை ஓரத்திலிருந்து பார்ப்பவர் போல
காலை அகட்டி.

"தொப்பி எங்கம்மா?"
"போயிருச்சு கண்ணு. நமக்கு முன்னாடியே
வள்ளியூர் சேந்திருக்கும்."
"உள்ள வாங்க, இங்க நிக்கக் கூடாது."
"நீ சொல்றது கேக்காத எடமாத் தேடித்தான் வந்தேன்,
கோவிச்சுக்காத."

கோபம் வந்தது. வந்ததைக் காற்று வாங்கிக்கொண்டது.
அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.
ஓர் ஆள் தோளுக்கும் இரும்புக்கும் நடுவே
எனக்கு ஒரு முழம் கிடைத்தது.

மூக்கு போய்விட்டிருந்தது. தாடையும்.
கிடைத்தது பாதி கடித்து வைத்த ஒரு குன்று,
கல்குவாரித் தண்ணீர் கெட்டியான பச்சையில்,
சுற்றாமல் நிற்கும் ஒரு காற்றாலை,
அதன் இறக்கையில் கயிறு கட்டித் தொங்கியபடி
ஏதோ தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன்.
சுற்றியிருந்தவை எல்லாம் சுழல,
அவன் ஆள் மட்டும் அசையாமல்.
இது என் ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"அந்தத் தம்பி எவ்வளவு எடை இருப்பான்?" என்றார்.
"அறுபது."
"அம்பத்திமூணு," என்றார், "கயிறோட சேத்து."

காவல்கிணறு வந்ததும் மலை ஒதுங்கிக்கொண்டது,
பனைகள், செம்மண், சுருங்காத வானம்.
திரும்பி வந்தேன்.
முப்பத்தொரு தொப்பிகள் என்னை நோக்கித் திரும்பின,
மூக்கு எங்கே, மூக்கு எங்கே என்று.
வரும்போது காட்டுகிறேன் என்றேன்.
வரும்போது பஸ்.

இரவு அறிக்கையில் எழுதினேன்:
ஆட்கள் முப்பத்திரண்டு, குறைவில்லை.
தொப்பி ஒன்று குறைவு, காரணம் காற்று.
காரணம் ஏற்கப்படவில்லை.
நூற்றிருபது ரூபாய் பிடித்தம்.
கீழே ஜெனிலா மேரி என்று கையெழுத்து வைத்தேன்.
கதவில் எத்தனை பேர் நின்றோம் என்று
யாரும் கேட்கவில்லை.